மெயினை அணைத்த பிறகும்

லிஃப்ட் கேபினின் கூரை மேல் நின்றிருந்த நெட்டையனுக்கு மறுபடியும் ஷாக் அடித்தது.

கையில் இல்லை. காலில் இல்லை. மண்டைக்குள்.

காதுக்குப் பின்னால் யாரோ ஒளிந்திருந்து ஒரு கம்பியைச் சுண்டிவிட்டு ஓடிய மாதிரி ‘சிர்ர்’ என்றது. லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்டின் சிமெண்டுச் சுவர் ஒரு கணம் வழுக்கிப் போய், திரும்பி வந்து தன் இடத்தில் நின்றது. பாதுகாப்புக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கேபினுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில், ஆறு மாடி ஆழம் இருட்டாக வாயைத் திறந்து வைத்திருந்தது.

பயப்பட வேண்டிய இடம்தான். ஆனால் அவனுக்கு வந்தது பயமில்லை. ‘இது என்னடா புது வகை?’ என்கிற குறுகுறுப்பு.

லிஃப்ட் மெக்கானிக் வேலையிலேயே தலை நரைக்கத் தொடங்கிய ஆசாமி அவன். கரண்ட் அவனுக்குப் பழைய பகையாளி. விரலைச் சுண்டும், முழங்கை வரைக்கும் ஏறும், போகும்போது ஒரு கெட்ட வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு போகும். கையைத் தொடாமல் நேரே தலைக்குள் நுழைந்து, வலியே இல்லாமல், சத்தத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகிற கரண்டை அவன் சந்தித்ததே இல்லை.

மேல்மாடிக் கதவு வழியாகச் சுண்டெலி எட்டிப் பார்த்தான். நெட்டையனின் மனைவிக்குத் தம்பி. இரும்புத் தண்டவாளத்துக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற இடம் கிடைத்தால் போதும், உடம்பையே நுழைத்துவிடுவான். அதனால் அந்தப் பெயர். நெட்டையனுக்குப் பெயர் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கேபினுக்குள் போனாலும் குனிந்துதான் போவான்.

மறுபடியுமா என்று கேட்டான் சுண்டெலி. மறுபடியும்தான் என்றான் நெட்டையன். மெஷின் ரூமில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டேன், எங்கேயும் கரண்ட் லீக்கேஜே இல்லை, முள் குறட்டை விட்டுத் தூங்குகிறது என்றான் சுண்டெலி.

“அப்ப மீட்டர் கெட்டுப்போயிருக்கும்.”

“இது உங்க மீட்டர் அத்தான்.”

நெட்டையன் கீழே இறங்கினான். லிஃப்டை நிறுத்திப் பூட்டி, ‘இயங்காது’ பலகையை மாட்டினான். பலகை ஆடி நின்றபோது சுண்டெலியின் முகமும் அப்படியே நின்றுபோனதை அவன் கவனிக்கத்தான் செய்தான்.

விஷயம் இதுதான். ஒன்பது மாடிக் குடியிருப்பின் அந்தப் பழைய லிஃப்டுக்கு மொத்த வயரிங்கையும் பிடுங்கிப் போட்டுப் புதிதாக மாற்றியவன் சுண்டெலி. எர்த் கம்பி முதல் கேபினுக்குள் மாடி எண் காட்டும் சிவப்பு டிஸ்ப்ளே வரைக்கும் அவன் தனியாகச் செய்த முதல் வேலை. இது தேறிவிட்டால் கம்பெனி அவனுக்குத் தனிக் கையெழுத்து உரிமை தரும். இனிமேல் ஒரு லிஃப்டைப் பார்த்து ‘இது ஓடலாம்’ என்று அவனே சொல்லலாம். தேறாவிட்டால் பழையபடி கிரீஸ் டப்பாவும் துணியும்தான். கடைசிப் பரிசோதனை நெட்டையனுடையது. மானேஜர் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்: சாயங்காலத்துக்குள் வயரிங் சரியா, தப்பா, ஒரே வார்த்தையில் சொல்லு, மைத்துனன் என்று இழுக்காதே.

லிஃப்ட் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கோளாறு என்று யார் கூப்பிட்டாலும், கருவிப் பையைத் திறப்பதற்கு முன்னால் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி: ‘கடைசியா எதை மாத்தினீங்க?’ பல்பு மாற்றியிருப்பார்கள், தரையைக் கழுவியிருப்பார்கள், கதவுக்குப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். முக்கால்வாசி சமயம் கோளாறு அந்தக் கடைசி மாற்றத்தின் முதுகுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும்.

இந்த லிஃப்டில் கடைசியாக மாற்றப்பட்டது என்ன? சுண்டெலியின் வயரிங்.

கணக்கு அவ்வளவு நேராக இருந்தது. அதுதான் நெட்டையனை உறுத்தியது.

முதலில் எட்டாம் மாடி அம்மாவுக்குத் தகவல் சொல்ல வேண்டியிருந்தது. சக்கர நாற்காலியில் இருப்பவர். லிஃப்ட் நின்றால் வெளியுலகம் அவருக்கு ஜன்னல் அளவுதான். படியேறிப் போனான். மூச்சு வாங்கியது, வயிற்றையும் லேசாகப் புரட்டியது. கொஞ்ச நாளாகவே காலையில் அப்படித்தான்.

அந்த அம்மா கோபப்படவில்லை. துருவித் துருவிக் கேள்வி கேட்டார். ஷாக் அடித்தது யாருக்கு? எனக்கு. வேறு யாருக்காவது? இல்லை. நான் தினமும் இரும்பு நாற்காலியோடு அதற்குள் போய் வருகிறேன், என்னை ஏன் விட்டுவிட்டது? தெரியவில்லை. எந்த இடத்தைத் தொட்டால் அடிக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நெட்டையன் யோசித்துப் பார்த்தான்.

தொட்டபோது அடிக்கவில்லை. ஒரு தடவைகூட.

“லிஃப்டுக்கு உன்மேலதான் ஏதோ கோவம் போல” என்றார் அவர். “நீ அதை என்ன பண்ணே?”

தடதடவென்று கீழே இறங்கினான். பூட்டிய லிஃப்டைத் திறந்து உள்ளே போனான். புறங்கையால் ஒவ்வொரு இடமாகத் தொட்டான். சுவர், கைப்பிடி, கதவு, பொத்தான்கள். ஒன்றுமில்லை. எல்லாம் பரம சாது. சரி, டிஸ்ப்ளே என்ன சொல்கிறது என்று தலையைத் திருப்பாமல் பக்கவாட்டில் கண்ணை மட்டும் ஓட்டிச் சிவப்பு எண்ணைப் பார்த்தான்.

சிர்ர்.

நேராகப் பார்த்தான். மறுபடியும் கடைக்கண்ணால் எண்ணைப் பார்த்தான்.

சிர்ர்.

நெட்டையனுக்கு உடம்பு சிலிர்த்தது. பிடித்துவிட்டேன்! டிஸ்ப்ளேதான்! பார்த்தாலே அடிக்கிறது என்றால் எப்படி என்று மனசின் ஒரு மூலை கேட்டது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அடக்கினான். குற்றவாளியைப் பிடித்த சந்தோஷத்தில் இருக்கிற போலீஸ்காரன், ஆள் எப்படிச் சுவரேறினான் என்று உடனே யோசிப்பதில்லை.

சுண்டெலியைக் கூப்பிட்டு டிஸ்ப்ளே பெட்டியைக் கழற்றச் சொன்னான். கழற்றினான். கம்பிகள் பின்னிவிட்ட சடை மாதிரி வரிசையாக இருந்தன. நெட்டையன் குறை தேடினான். கிடைக்கவில்லை. கிடைக்காத கோபத்தில், அந்த இடத்துக்குத் தேவையே இல்லாத வார்த்தைகளைச் சொல்லிவிட்டான். அக்கா கல்யாணத்தன்று லட்டுத் தட்டைக் கீழே போட்டது வரைக்கும் அதில் வந்தது.

சுண்டெலி எதிர்த்துப் பேசுகிற பையன். அன்றைக்குப் பேசவில்லை. பெட்டியை மூடி, திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கிவிட்டுத்தான் திரும்பினான்.

“நீங்க இப்படிப் பேசற ஆள் இல்லையே அத்தான்” என்றான். “வயரிங் தப்புன்னா தப்புன்னு சொல்லிடுங்க. நான் ஏத்துக்கறேன். ஆனா எது தப்புன்னு காட்டிட்டுச் சொல்லுங்க.”

சாப்பிட்டுவிட்டு வந்து பேசிக்கொள்ளலாம் என்று முணுமுணுத்துவிட்டு நெட்டையன் கிளம்பினான்.

வீடு இரண்டு தெரு தள்ளித்தான். நடக்கும்போது தன்னையே ஒரு தடவை சோதித்துப் பார்த்துக்கொண்டான். மனசு எப்படி இருக்கிறது? நன்றாக இருக்கிறது. பாரம் இருக்கிறதா? இல்லை. அழுகை முட்டுகிறதா? இல்லை. எரிச்சல் மட்டும் கொஞ்சம். அது வேலைக் கடுப்பு. ஆக, பரிசோதனை தேறியது.

பரிசோதனை என்று அவன் சொன்னது வேறு ஒன்றை. அது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

போன வருஷம் நெட்டையன் ஒரு மாதிரி நின்றுபோனான். இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நிற்குமே, மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல், அந்த மாதிரி. மெஷின் ரூமில் போய் உட்கார்ந்தால் எழுந்து வரத் தோன்றாது. சாப்பாடு மண்ணாக இருந்தது. பிடித்த ஆட்களின் குரல்கூடத் தூரத்தில் யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. மனைவிதான் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனாள். மனச்சோர்வு என்றார் டாக்டரம்மா. தினம் காலையில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். உடனே பலன் தெரியாது, வாரக்கணக்கில் ஆகும், பொறுமையாக இருங்கள் என்றார். ஆயிற்று. பிறகு ஒருநாள், குழம்பில் உப்பு கம்மி என்று அவன் சண்டை பிடித்தபோது மனைவி சந்தோஷத்தில் அழுதாள். ஆள் திரும்பி வந்துவிட்டான்.

வேலை இடத்தில் யாருக்கும் சொல்லவில்லை. மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் என்று தெரிந்தால் ஷாஃப்டில் ஏற விடமாட்டார்கள் என்று பயம். மைத்துனனுக்குக்கூடத் தெரியாது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதுதான் வினை. நன்றாக ஓடுகிற இயந்திரத்தைப் பார்த்தால் மெக்கானிக்குக் கை அரிக்கும். இப்போது ஓடுவது நானா, மாத்திரையா? எப்படிக் கண்டுபிடிப்பது? தொழிலில் வழி இருக்கிறதே! ஒரு பாகம் வேண்டுமா வேண்டாமா என்று தெரியாவிட்டால், அந்த ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்.

கழற்றிவிட்டான். காலையில் மனைவி பார்க்கும்படி மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்குவான். வாய்க்குப் போகிற மாதிரி போய், அது சட்டைப் பைக்குள் இறங்கும். அங்கிருந்து, பழைய ஃப்யூஸ்கள் போட்டு வைக்கும் தகர டப்பாவுக்கு. சோகம் வருகிறதா என்று தினமும் ஒற்றன் மாதிரி காத்திருந்தான். வரவில்லை. கனவுகள்தான் கலர் கலராக, துரத்தலும் அடிதடியுமாக வந்தன. கனவுக்கெல்லாம் யார் கணக்கு வைக்கிறார்கள்?

வீட்டுக்குள் நுழைந்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது கதவுச் சத்தம் கேட்டது. மனைவி. கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் ஏற்றபடி கண்ணாடியை வளைத்துப் பொருத்திக் கொடுப்பவள். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். நெட்டையன் கடைக்கண்ணால் வாசலைப் பார்த்தான்.

சிர்ர்.

டம்ளர் கையிலிருந்து நழுவி உருண்டது.

இங்கேயுமா?

ஒரு கணம் அசந்து நின்றவன், மறு கணம் பையிலிருந்து மீட்டரை உருவினான். ஃப்ரிட்ஜின் உடம்பில் வைத்தான். சாது. மிக்ஸி, அடுப்பு மேடைக் குழாய், வாஷிங் மெஷின், ஜன்னல் கம்பி. எல்லாம் சாது. மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, வீட்டுக்குள் யானை புகுந்ததைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். லீக்கேஜ் என்றான். தெருவுக்கே எர்த் போய்விட்டதோ என்னவோ, அந்தக் கட்டடத்திலும் அடிக்கிறது, இங்கேயும் அடிக்கிறது என்று விளக்கினான்.

“எனக்கு ஒண்ணும் அடிக்கலையே” என்றாள்.

இதையே இன்றைக்கு இன்னொருவரும் சொன்னார். நெட்டையன் போய் மெயின் ஸ்விட்சைக் கீழே தட்டினான்.

ஃப்ரிட்ஜின் முனகல் அடங்கியது. மின்விசிறி சோம்பேறித்தனமாகச் சுற்றிச் சுற்றி நின்றது. வீடு முழுக்க நிசப்தம். ஒரு சொட்டுக் கரண்ட் இல்லை. நெட்டையன் மரநாற்காலியில் போய் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டான். கைகளை மடிமேல் வைத்தான். எதையும் தொடவில்லை.

இப்போது அடிக்கட்டும் பார்க்கலாம்.

மெதுவாகக் கண்ணை மட்டும் மனைவி பக்கம் நகர்த்தினான்.

சிர்ர்.

அவன் வாழ்க்கையில் எத்தனையோ மெயினை அணைத்திருக்கிறான். அணைத்த பிறகு அடித்த முதல் ஷாக் இதுதான்.

மனைவி பாத்திரத்தை மூடிவிட்டு அவன் எதிரில் வந்து குந்தி உட்கார்ந்தாள். கடையில் வாடிக்கையாளரைப் பார்க்கிற அதே பார்வை. விரலை உயர்த்தி, தலையை ஆட்டாமல் இதை மட்டும் பாருங்கள் என்றாள். விரல் மேலே போனது, கீழே வந்தது, ஒன்றுமில்லை. இடது பக்கம் போனது. அவன் முகம் சுளித்தது. வலது பக்கம். மறுபடியும் சுளித்தது.

“கண்ணு பக்கவாட்டுல போறப்பதான் வருது” என்றாள். “கரண்ட் எங்க இருந்தா என்ன, உங்க கண்ணு திரும்பினா வருது. இது வீட்டுல இல்லைங்க. உங்ககிட்ட இருக்கு.”

நெட்டையன் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். டிஸ்ப்ளே கேபினின் பக்கவாட்டில் இருந்தது. ஷாஃப்டில் அந்தச் சிமெண்டுச் சுவரும் பக்கவாட்டில்தான் இருந்தது. இதோ வாசல் பக்கவாட்டில் இருக்கிறது.

“சரி, நீங்க ஊரெல்லாம் கேக்கற கேள்வியை நான் கேக்கறேன்” என்றாள் அவள். “கடைசியா எதை மாத்தினீங்க?”

மின்விசிறி நின்ற வீட்டில் அந்தக் கேள்வி நகரவே இல்லை. அங்கேயே நின்றது.

நெட்டையன் எழுந்து போய் அலமாரிக்கு அடியிலிருந்து தகர டப்பாவை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான். கருகிய ஃப்யூஸ்களுக்கு நடுவே வெள்ளை மாத்திரைகள் பொத்தான்கள் மாதிரி கிடந்தன.

அவள் டப்பாவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“தினம் காலையில எனக்கு முன்னாடிதானே போட்டீங்க” என்றாள் கடைசியில், ரொம்ப மெதுவாக.

அந்தக் குரலைச் சரிக்கட்ட நெட்டையனுக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. ஒரு கைப்பிடி மாத்திரையை அள்ளினான். விட்டதையெல்லாம் இப்போதே போட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும், சாயங்காலத்துக்குள் ஷாக்கும் போய்விடும் என்றான். மனைவி பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மாத்திரைகள் தரையில் சிதறி ஓடின.

“எண்ணெய் போட மறந்துட்டீங்கன்னா மொத்த டின்னையும் ஒரே நாள்ல ஊத்துவீங்களா?”

ஊற்ற மாட்டான். ஊற்றினால் பிரேக் பிடிக்காது. கையைத் தளர்த்தினான்.

அவள் கிளினிக்குக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்ட நர்ஸ், எதையும் விழுங்க வேண்டாம், அப்படியே கூட்டிக்கொண்டு வாருங்கள், மற்ற நோயாளிகளுக்கு நடுவில் பார்த்துவிடலாம் என்றார்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே நெட்டையனுக்குப் பிடித்திருந்தது: எப்போது நிறுத்தினீர்கள், ஷாக் எப்போது ஆரம்பித்தது? தேதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நிறுத்திய சில நாளிலேயே ஆரம்பம். மெக்கானிக் மாதிரி கேட்கிறீர்களே என்றான். பிறகு அவர் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், வலி மாத்திரை, தூக்கத்துக்கு ஏதாவது, மூலிகை டானிக், மது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். முதுகுவலிக்கு அவ்வப்போது கடையில் வாங்கிப் போடும் மாத்திரையைப் பற்றிச் சொன்னான். அதையும் இதையும் சேர்த்துப் போட்டால் சிலருக்கு வயிற்றில் ரத்தக் கசிவு வரும், இனி என்னைக் கேட்காமல் வாங்கக் கூடாது என்றார். செத்துப்போகலாம் என்கிற மாதிரி எண்ணம் ஏதாவது வந்ததா என்றும் கேட்டார், பசிக்கிறதா என்று கேட்கிற அதே சாதாரணக் குரலில். இல்லை என்றான். வந்தால் எந்த நேரமானாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றார்.

அந்தச் ‘சிர்ர்’ புதிதில்லையாம். இந்த வகை மருந்தைத் திடீரென்று நிறுத்துகிற நிறையப் பேர் அதையே சொல்வார்களாம். தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், கலர் கனவு எல்லாம் அதன் கூட்டாளிகள். நெட்டையனுக்கு ஒரு விநாடி ஏமாற்றமாகக்கூட இருந்தது. தான் மட்டும் கண்டுபிடித்த அபூர்வமான லீக்கேஜ் என்று அல்லவா நினைத்தான்!

அப்படியானால் நான் இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா என்று கேட்டான். அதுதான் உள்ளுக்குள் அறுத்துக்கொண்டிருந்த கேள்வி.

“இல்ல. போதைக்கு ஏங்கற மாதிரி விஷயம் இல்ல இது. உங்க மூளை இதை வச்சுக்கிட்டு வேலை செய்யப் பழகியிருக்கு. சட்டுனு உருவினா தடுமாறுது. அவ்வளவுதான்.”

“ஆனா சோகம் வரவே இல்லையே டாக்டர். அப்ப மாத்திரை தேவையில்லைன்னுதானே அர்த்தம்?”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். சோகம் திரும்புவதாக இருந்தால் இத்தனை சீக்கிரம் வராது, வாரம், மாதம் கழித்துச் சத்தமில்லாமல் வரும். நீங்கள் பரீட்சை முடிவதற்குள் மார்க் போட்டுவிட்டீர்கள் என்றார். நிறுத்த ஆசைப்பட்டதில் தப்பில்லை, யாருக்கும் வருவதுதான். என்னிடம் சொல்லாமல் ஒரே வெட்டாக நிறுத்தியதுதான் தப்பு. இன்று முதல் பழைய அளவு, தினம் ஒன்று. விட்டுப்போனதைச் சேர்த்துப் போடுகிற பேச்சே கூடாது. சில நாளில் இந்த ஷாக் அடங்க வேண்டும். அடங்காவிட்டாலோ அதிகமானாலோ உடனே வர வேண்டும். இன்னும் சில மாதம் நன்றாக இருந்துவிட்டு, அப்புறம் சேர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம்.

“கயித்தை அறுக்காம பிரேக்கைப் பிடிச்சு மாடி மாடியா இறக்கறது” என்றான் நெட்டையன்.

அப்படித்தான் என்று சிரித்தார் அவர். சிரிப்பு முடிந்ததும் ஒன்று சேர்த்தார். தலைசுற்றல் முழுசாக நிற்கும் வரைக்கும் உயரத்தில் ஏறக் கூடாது. வண்டியும் ஓட்டக் கூடாது.

இவ்வளவு நேரம் எல்லாவற்றையும் வேடிக்கை பார்க்கிற ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு, இப்போதுதான் விலை தெரிந்தது.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். மனைவி மருந்துக்கடை வரிசையில் நின்றாள். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மானேஜருக்குச் சொல்ல வேண்டிய ஒரே வார்த்தை அவன் வாயில் இருந்தது. ‘சரி’ என்று சொன்னால் போதும், சுண்டெலி பிழைப்பான். ஆனால் காலையில் ஷாக் என்று சொல்லி லிஃப்டையே நிறுத்தியவன், மாலையில் எப்படிச் சரி என்பது? ஏன் என்று கேட்பார். வயரிங்கில் சின்னக் கோளாறு, சரிசெய்துவிட்டோம் என்று ஒரு பொய் போதும். அவனுடைய ரகசியம் காப்பாற்றப்படும். சுண்டெலியின் முதல் வேலைமேல் ஒரு கறை விழும்; ரொம்பச் சின்னதுதான்.

எது தப்புன்னு காட்டிட்டுச் சொல்லுங்க.

நெட்டையன் போனை எடுத்தான்.

வயரிங் சுத்தம் என்றான். ஷாக் அடித்தது லிஃப்ட் இல்லை, எனக்குள்ளேயே ஒரு விஷயம், ஒரு மருந்தை டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிட்டேன் என்றான். என்ன மருந்து என்று கேட்டார் மானேஜர். சொன்னான். எதிர்முனையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றது.

“இப்ப ஷாஃப்ட்ல ஏறலாமா நீ?”

“கூடாதுன்னு சொல்லிட்டாங்க சார். சரியானதும் அவங்களே எழுதித் தருவாங்க.”

அப்படியானால் அதுவரைக்கும் ஆபீசில் உட்கார்ந்து புகார்ப் போன்களை எடு என்றார் மானேஜர். அந்தக் குரலில் அனுதாபமும் இல்லை, இளக்காரமும் இல்லை. ஷாஃப்டில் ஏறுகிற வேலைக்கு இனி யார் என்று அவரே கேட்டுக்கொண்டார். சுண்டெலி என்றான் நெட்டையன். அந்தக் கேபின் கூரையில் இனி கடைசிப் பரிசோதனையை அவன் செய்யட்டும், நான் கீழே நின்று கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்தும் அவனுடையதாக இருக்கட்டும். பார்க்கலாம் என்றார் மானேஜர். அவர் அகராதியில் அது சம்மதம்.

கட்டடத்துக்குத் திரும்பியபோது சுண்டெலி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். டிஸ்ப்ளே பெட்டியை மறுபடியும் கழற்றி, எல்லாக் கம்பியையும் மறுபடியும் சோதித்து, மறுபடியும் மூடியிருந்தான். விரல் நுனிகள் சிவந்திருந்தன. நெட்டையன் ஒரு படி கீழே உட்கார்ந்தான். அப்போதுதான் இரண்டு பேர் முகமும் ஒரே உயரத்துக்கு வந்தன. மாத்திரையிலிருந்து தகர டப்பா வரைக்கும் எதையும் விடாமல் சொன்னான். சொல்லும்போது எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைத் திருப்பினால் அடிக்கும் என்பது ஒரு சௌகரியமான சாக்கு.

சுண்டெலி கேட்டு முடித்தான். ஒரு திருகைத் தரையிலிருந்து பொறுக்கி ஊதினான்.

“அப்ப காலையிலேர்ந்து நீங்க தேடின லீக்கேஜ் நீங்கதானா?”

“ஆமாடா.”

“அந்த நிலைமையில கேபின் மேல நின்னீங்க.”

நெட்டையன் தலையாட்டினான்.

“விழுந்திருந்தா அக்காகிட்ட நான் என்ன சொல்றது?” என்றான் சுண்டெலி. குரல் லேசாக உடைந்தது; இருமிச் சரிசெய்துகொண்டான். “லட்டுத் தட்டைப் பத்திச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்குங்க. அது வழுக்கிடுச்சு. நான் போடலை.”

வாபஸ் வாங்கினான்.

சுண்டெலி மேலே ஏறினான். நெட்டையன் கீழே நின்று கேட்டான்: கயிற்றின் உரசல், பிரேக் கவ்வுகிற சத்தம், கதவு மூடுகிற பெருமூச்சு. இத்தனை வருஷத்தில் லிஃப்டை இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதில்லை. நன்றாக இருந்தது. ‘இயங்காது’ பலகையைச் சுண்டெலியே கழற்றினான்.

முதல் பயணி எட்டாம் மாடி அம்மா. படியேறிப் போய், நாற்காலியை நெட்டையன் தள்ளிக்கொண்டு உள்ளே குனிந்தான். என்ன கோளாறு என்று கண்டுபிடித்தாயா என்று கேட்டார். கண்டுபிடித்தாயிற்று என்றான். கதவு மூடியது. கேபின் மெத்தென்று கீழே இறங்க ஆரம்பித்தது.

ஏழு. ஆறு.

மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அடங்காது என்று தெரியும். தெரிந்தும் ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் சிவப்பு எண் பக்கம் ஓட்டினான்.

சிர்ர்.

“வந்துடுச்சு” என்றான்.

அந்த அம்மா நாற்காலியின் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டார். “லிஃப்டா?”

“இல்லைங்க. நான்தான்” என்றான் நெட்டையன். “கொஞ்ச நாள்ல சரியாயிடும்னாங்க. ஆகுதான்னு பாக்கணும்.”

ஐந்து என்றது டிஸ்ப்ளே. பிறகு நான்கு.